வீட்டு கேப்ஸ்யூல் மெஷினுக்கு எந்த காபி வாங்குவது? வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேப்ஸ்யூல் காபி மெஷின் வடசென்னை வீடுகளுக்குள்ளும் வரத் தொடங்கிவிட்டது. ஒரு கோப்பைக்கான காபித்தூளை அடைத்து மூடிய சின்னக் கூடுதான் கேப்ஸ்யூல்; அதைப் போட்டு பட்டனை அழுத்தினால் காபி இறங்கும். துபாயில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்தது, கல்யாணத்துக்குப் பரிசாக வந்தது, ஆன்லைன் தள்ளுபடியில் தவணைக்கு எடுத்தது என்று வீட்டுக்கு வீடு ஒரு வழி. மெஷினோடு கொடுத்த கேப்ஸ்யூல் நாலு நாளில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் போனில் தேடினால் நூறு பெட்டி வந்து நிற்கிறது. எல்லாவற்றிலும் இத்தாலியப் பெயர், எல்லாவற்றிலும் ஒரு எண், விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த கேப்ஸ்யூல்களில் பெரும்பாலானவை பால் சேர்க்காமல் சின்னக் கோப்பையில் குடிக்கிறவர்களுக்காகக் கலக்கப்பட்டவை. நம் வீடுகளில் குடிப்பது பால் காபி, அதுவும் டம்ளர் நிறைய. ஆகவே பெட்டியின் பெயரும் பின்னால் அச்சிட்ட பூ வாசனை, பழ வாசனை வர்ணனையும் நமக்கு அவ்வளவு உதவாது. பால் ஊற்றிய பிறகும் காபியின் ருசி நாக்கில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை மனதில் வைத்துச் சொன்னவை.

படி 1: மெஷின் எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஒரு வகை மெஷினின் கேப்ஸ்யூல் இன்னொரு வகையில் போகாது. பெட்டியை உடைத்துவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். அதனால் காசு கொடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இந்தியாவில் அதிகம் கிடைப்பது நெஸ்பிரெஸ்ஸோ ஒரிஜினல் வகை. விளிம்பில் சுமார் 37 மில்லிமீட்டர் அகலம், சின்ன வாளி போன்ற வடிவம், உள்ளே ஐந்து முதல் ஆறு கிராம் தூள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் இந்த முறைக்கு 1976இல் காப்புரிமை எடுத்தார். 1986இல் நெஸ்லே அதை வியாபாரமாகத் தொடங்கியது. முக்கியமான காப்புரிமைகள் 2012 வாக்கில் முடிந்துபோனதால் இன்று யார் வேண்டுமானாலும் இந்த வடிவத்தில் கேப்ஸ்யூல் செய்து விற்கலாம். நம் நாட்டு காஃபீஸா, பான்ஹோமியா போன்ற பிராண்டுகள் இந்த வடிவத்தில்தான் விற்கின்றன. நெஸ்பிரெஸ்ஸோவே 2025இல் டெல்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. புதிதாக மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இந்த வகைதான். ஒரு பிராண்ட் கிடைக்காவிட்டால் இன்னொன்று இருக்கும், விலையிலும் போட்டி இருக்கும்.

நெஸ்பிரெஸ்ஸோவிலேயே வெர்டுவோ என்று இன்னொரு வகை உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெர்டுவோ கேப்ஸ்யூல் குடை போலக் கவிந்த வடிவம். விளிம்பைச் சுற்றி பார்கோடு இருக்கும். மெஷின் அந்தக் கோட்டைப் படித்து, கேப்ஸ்யூலை வேகமாகச் சுழற்றிக் காபி இறக்கும். ஒரிஜினலுக்கு வாங்கியது இதில் போகாது, இதற்கு வாங்கியது அதில் போகாது. வெளி பிராண்டுகளும் குறைவு.

நெஸ்கஃபே டோல்ச்சே குஸ்டோ கேப்ஸ்யூல் ஒரிஜினலை விடப் பெரியது, பிளாஸ்டிக். இதில் கப்புச்சினோ போன்ற பால் பானங்களுக்கு ஒரு கோப்பைக்கு இரண்டு கேப்ஸ்யூல் வேண்டும்: ஒன்றில் காபி, இன்னொன்றில் பால் பவுடர். பெட்டியில் 16 என்று போட்டிருந்தாலும் எட்டுக் கோப்பைதான் வரும். லவாட்ஸாவின் ஆ மோடோ மியோ, இல்லியின் ஐப்பர்எஸ்பிரெஸ்ஸோ, அமெரிக்காவில் பரவலான கியூரிக் கே-கப் எல்லாம் தனித்தனி வடிவம். காகிதத்தில் பொதிந்த 44 மில்லிமீட்டர் வட்டப் பொட்டலமாக ஈஎஸ்ஈ என்று ஒன்றும் இருக்கிறது. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் மாடல் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ‘ஒரிஜினல் மெஷினுக்குப் பொருந்தும்’ என்பது போல் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். அப்படி ஒரு கேப்ஸ்யூல் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினாக இருந்தால் மின்சாரத்தையும் பாருங்கள். வளைகுடா நாடுகளிலிருந்தோ சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தோ வந்தது பொதுவாக நம் 230 வோல்ட்டில் ஓடும்; பிளக் மட்டும் வேறாக இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். இங்கே நேராகச் சொருகினால் கெட்டுவிடும். இந்த மெஷின்கள் 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். மிக்ஸி ஓடும் சின்ன பாயிண்ட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டுச் சொருகாமல், 16 ஆம்பியர் பாயிண்ட்டில் நேராக மாட்டுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் வயரிங்கும் பழசு. எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

படி 2: உங்கள் வீட்டில் யார், எப்போது, எப்படிக் குடிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே பெரும்பாலானவர்கள் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

ஃபில்டர் காபியில் ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய எட்டுப் பத்து கிராம் தூள் போடுகிறோம். பல வீடுகளில் அதில் சிக்கரியும் உண்டு. நிறமும் கெட்டித்தனமும் லேசான கசப்பும் சிக்கரியிலிருந்து வருகின்றன. ஒரிஜினல் கேப்ஸ்யூலில் இருப்பதோ ஐந்தரை கிராம் அளவுக்குக் காபித்தூள், சிக்கரி பெரும்பாலும் கிடையாது. அதிலிருந்து வருவது 40 மில்லி எஸ்பிரெஸ்ஸோ, அதாவது பால் சேர்க்காத கெட்டிக் காபி. அதை 150 மில்லி டம்ளரில் விட்டு மேலே வரை பாலை ஊற்றினால் காபி வாசனையுள்ள பால்தான் கிடைக்கும். ‘மெஷின் காபி சப்பென்று இருக்கிறது’ என்று சொல்கிறவர்களில் பலருடைய பிரச்சினை இந்த அளவுதான். மெஷினையோ கேப்ஸ்யூலையோ குறை சொல்வதற்கு முன் பாலைக் குறைத்துப் பாருங்கள்.

ஒரு கேப்ஸ்யூலுக்கு 70, 80 மில்லி சூடான பால் போதும். நைனாவுக்கு டம்ளர் நிறைய, ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் இரண்டு கேப்ஸ்யூல் போட வேண்டியதுதான். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். ஒரே கேப்ஸ்யூலில் நிறைய வரட்டும் என்று பெரிய கோப்பை பட்டனை அழுத்துவதோ, போட்டதையே இரண்டாம் முறை ஓட்டுவதோ வேண்டாம். நல்ல ருசி முதலில் இறங்கிவிடும், கடைசியில் வருவது தண்ணீரும் காய்ந்த கசப்பும்தான். பெரிய கோப்பைக்கென்றே லுங்கோ என்று தனியாக கேப்ஸ்யூல் உண்டு. அது 110 மில்லி வரை இறக்கத் தயாரிக்கப்பட்டது. பால் இல்லாமல் நீளமாகக் குடிக்கிறவர்களுக்கு அது சரி. நம் பால் காபிக்கு எஸ்பிரெஸ்ஸோ, அல்லது அதைவிடக் குறுகிய 25 மில்லி ரிஸ்ட்ரெட்டோ.

அப்புறம் ஆள் கணக்கு. ஐந்து பேர் காலையும் மாலையும் குடிக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு பத்து கேப்ஸ்யூல், அதாவது ஒரு முழுப் பெட்டி. அப்படிப்பட்ட வீட்டில் காலையில் ஒரு முறை டிக்காஷன் இறக்குவதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். கேப்ஸ்யூல் உண்மையாகவே உதவுவது தனி ஆளுக்கு, நேரம் கெட்ட நேரத்துக்கு. துறைமுகத்திலோ மணலி தொழிற்சாலையிலோ வடசென்னை அனல் மின் நிலையத்திலோ ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருக்கும் வீட்டில், விடியற்காலை நாலு மணிக்கு மற்றவர்களை எழுப்பாமல் ஒரு காபி போட்டுக்கொள்ளலாம். ராத்திரி படிக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். உங்கள் வீட்டில் இந்த ‘தனிக் காபி’ வாரத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். வாங்க வேண்டிய அளவு அதுதான்.

படி 3: பெட்டியில் என்ன படிக்க வேண்டும்?

முதலில் கண்ணில் படுவது ஸ்ட்ராங் எண். இது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று வைத்துக்கொண்ட அளவுகோல். ஒரு பிராண்டின் 9ம் இன்னொரு பிராண்டின் 9ம் சமம் இல்லை. அது காஃபீன் அளவும் இல்லை. வறுவல், கசப்பு, கெட்டித்தனம் மூன்றையும் சேர்த்துப் போட்ட ஒரு மதிப்பெண், அவ்வளவே. ஒரே பிராண்டுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பால் காபிக்கு அந்த பிராண்டின் வரிசையில் மேல் பகுதியில் இருப்பவற்றிலிருந்து தொடங்கலாம்.

எண்ணை விட நான் நம்புவது கொட்டை விவரத்தை. அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு. அராபிகாவில் வாசனையும் லேசான புளிப்பும். காஃபீன் எடையில் ஒன்றே கால் சதவீதம் போல. ரொபஸ்டாவில் காஃபீன் கிட்டத்தட்ட இரு மடங்கு, கசப்பு கூடுதல், நுரை தடிமன், பாலுக்குள் அமுங்காது. ‘100 சதவீதம் அராபிகா’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிடுகிறோம். பால் சேர்க்காமல் குடிப்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். டம்ளர் காபிக்கு அராபிகாவோடு கொஞ்சம் ரொபஸ்டா கலந்ததுதான் ருசி. இதில் தாழ்வு எதுவும் இல்லை. இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ரொபஸ்டாதான், நம் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் முன்வரிசையில் இருப்பது இத்தாலி. சிக்மகளூர், குடகு, வயநாடு என்று பெட்டியில் பார்த்தால் தயங்காமல் முயற்சி செய்யுங்கள். ஏற்காடு, நீலகிரி, பழநி மலைகளிலும் நல்ல காபி விளைகிறது. அந்தப் பெயரோடு கேப்ஸ்யூல் கிடைத்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

வறுவல் நிலை நடுத்தரத்திலிருந்து கருவறுவல் வரை இருக்கட்டும். லேசான வறுவல் பாலில் புளிப்பாகத் தெரியும். சிக்கரி வாசனை இல்லாமல் இருக்கமுடியாதவர்கள் சிக்கரி கலந்த கேப்ஸ்யூல் கிடைத்தால் விகிதத்தைப் பாருங்கள். கலப்பு காபியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

அடுத்து எடை. பத்து கேப்ஸ்யூல் பெட்டியில் நிகர எடை 50 கிராமா, 55ஆ, 60ஆ என்று பாருங்கள். பால் காபியில் அந்த ஒரு கிராம் வித்தியாசம் வாயில் தெரியும். பலரும் கவனிக்காத இடம் இது.

வாசனை சேர்த்தவை, பால் பவுடர் சேர்த்தவை என்றால் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படியுங்கள். பல பால் கேப்ஸ்யூலில் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கும். ஆயாவுக்கு சுகர் இருக்கும் வீட்டில் வெறும் காபி கேப்ஸ்யூல் வாங்கிப் பாலைத் தனியாகக் காய்ச்சி ஊற்றுவதே பாதுகாப்பு. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம், மற்ற பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. ஒரு கேப்ஸ்யூலில் பெரும்பாலும் 50 முதல் 80 மில்லிகிராம் இருக்கும். மாலைக்கு மேல் தூக்கம் கெடுகிறவர்களுக்கு டீகாஃப், அதாவது காஃபீன் நீக்கிய கேப்ஸ்யூலும் உண்டு.

கடைசியாக, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், 14 இலக்க உணவு உரிம எண், அதிகபட்ச விலை. வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும். அமெரிக்கப் பெட்டியில் மாதத்தை முதலில் போடுவார்கள். 04/09 என்றால் அங்கே ஏப்ரல் 9, நாம் படிக்கிறபடி செப்டம்பர் 4 இல்லை.

படி 4: அலுமினியமா, பிளாஸ்டிக்கா, மக்கும் வகையா?

காபித்தூளுக்கு எதிரி காற்றும் ஈரமும். அதனால்தான் கேப்ஸ்யூலை மூடும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புகிறார்கள். அதற்கப்புறம் அது உள்ளேயே இருக்குமா என்பதை வெளிக் கூடு எதனால் ஆனது என்பது தீர்மானிக்கிறது. அலுமினியம் காற்றை விடாது. பிளாஸ்டிக் மெதுவாக விடும். ஆகவே நல்ல நிறுவனங்கள் பிளாஸ்டிக் கேப்ஸ்யூலை மேலே இன்னொரு உறையில் போட்டுத் தருகின்றன. அந்த உறையைப் பிரித்துவிட்டால் சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருக்கிறோம். உப்புப் பொட்டலம் ஒரே வாரத்தில் கசிந்துபோகிற ஊர் இது. இங்கே அலுமினியத்துக்கே என் ஓட்டு. மக்கும் கேப்ஸ்யூல் நல்ல எண்ணத்தில் செய்வது. ஆனால் அவற்றில் பல ஈரத்தில் இளகும், பெரிய உரக்கூடத்தின் சூட்டில்தான் முழுசாக மக்கும். வாங்கினால் சின்ன பெட்டியாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து உடனே பயன்படுத்துங்கள்.

பொருள் மெஷினுக்கும் முக்கியம். மலிவான கெட்டி பிளாஸ்டிக் கேப்ஸ்யூலை ஊசி சரியாகத் துளைக்காது, நெம்புகோல் பாதியில் நின்றுவிடும். அதை பலத்தை வைத்து அமுக்கினால் நெம்புகோலே உடையும். வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள், நாற்பது ரூபாய்க்காக மெஷினை இழக்க வேண்டாம்.

படி 5: காசுக் கணக்கு

பெட்டி விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கேப்ஸ்யூல் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ஒரு கிராம் எவ்வளவு என்று பாருங்கள். பத்து கேப்ஸ்யூல் பெட்டி 450 ரூபாய், உள்ளே 55 கிராம் காபி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேப்ஸ்யூல் 45 ரூபாய். கிராமுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், அதாவது கிலோ எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. உங்கள் தெரு மில்லில் அரைத்து வாங்கும் தூளின் கிலோ விலையைப் பக்கத்தில் வையுங்கள். பல மடங்கு வித்தியாசம் வரும்.

இதே விலையில் ஒருவருக்கு தினம் ஒன்று என்றால் மாதம் 1,350 ரூபாய். கணவன் மனைவி இருவரும் இரு வேளையும் குடித்தால் 5,400. நாலு பேர் வீடு என்றால் 10,800. வாங்கும் முன் இந்தக் கணக்கை உங்கள் விலையில் போட்டு வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாலும் சர்க்கரையும் இதற்கு மேல். மெஷின் வாங்கி மூன்றாம் மாதமே பரணில் ஏற்றிவிடுகிற வீடுகள் எல்லாம் இந்தக் கணக்கைப் போடாதவைதான்.

நூறு கேப்ஸ்யூல் மொத்தப் பெட்டியில் தள்ளுபடி இருக்கும். ருசி உறுதியான பிறகு, மூன்று மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். மாதாமாதம் தானாக அனுப்பும் சந்தாவில் சேர்ந்தால் இடையில் நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

துருப்பிடிக்காத எஃகில் திரும்பத் திரும்ப நிரப்பும் கேப்ஸ்யூல் கிடைக்கிறது. செலவு வெகுவாகக் குறையும். சிக்கரி கலந்த தூளை அதில் போடாதீர்கள். நனைந்ததும் பிசுபிசுத்துத் தண்ணீர் போகும் வழியை அடைக்கும். மில்லில் சிக்கரி இல்லாத தூளாகக் கேட்டு வாங்கி, விளிம்பு வரை நிரப்பி லேசாக மட்டும் அமுக்குங்கள். நுரை கொஞ்சம் குறைவாக இருக்கும், ருசி நம் ஊர் ருசியாக இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். மெஷின் உத்தரவாதத்தில் இருந்தால் இதற்கு அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: எங்கே வாங்குவது?

வடசென்னையில் எல்லா மளிகைக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் ஆன்லைன்தான். உங்கள் பின்கோடைப் போட்டு, 600013 ராயபுரமோ 600081 தண்டையார்பேட்டையோ 600019 திருவொற்றியூரோ, எத்தனை நாளில் வரும் என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கினால் புதிய சரக்கு வர வாய்ப்பு அதிகம். பொதுச் சந்தைத் தளங்களில் யார் விற்கிறார் என்ற பெயரைத் தட்டிப் பாருங்கள். பாதி விலைக்கு விற்கும் மூன்றாம் ஆள் பெரும்பாலும் தேதி முடியப்போகும் சரக்கைத் தள்ளுகிறார். கத்திரி வெயிலில் பெரிய ஆர்டர் போடாதீர்கள். கூரியர் வண்டியிலும் கிடங்கிலும் பெட்டி வெந்துகொண்டிருக்கும்.

பாரிமுனை, பர்மா பஜார் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கேப்ஸ்யூல் கண்ணில் பட்டால் வாங்கலாம், தேதியையும் இறக்குமதி ஸ்டிக்கரையும் வடிவத்தையும் மூன்று முறை பார்த்துவிட்டு. வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் வேண்டாம். ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்பச் சொல்வதாக இருந்தால் ‘காபி கேப்ஸ்யூல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். படி 1இல் எடுத்த அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

உணவுப் பொருள் என்பதால் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். எந்த பிராண்டாக இருந்தாலும் முதல் தடவை பத்து கேப்ஸ்யூல் பெட்டிக்கு மேல் வேண்டாம். பல வகையும் கலந்த மாதிரிப் பெட்டி இருந்தால் அதுதான் சிறந்த தொடக்கம்.

படி 7: வீட்டில் சோதித்துப் பாருங்கள்

ஒரே நேரத்தில் இரண்டு வகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால்தான் வித்தியாசம் பிடிபடும். மெஷினைச் சூடாக்கி, கேப்ஸ்யூல் இல்லாமல் ஒரு முறை வெந்நீர் ஓட்டுங்கள். டம்ளரும் சூடாகிவிடும். இரண்டு ஒரே மாதிரி டம்ளரில் ஒவ்வொன்றாக இறக்கி, முதலில் பால் இல்லாமல் ஒரு மிடறு. பிறகு இரண்டிலும் அளந்து 80 மில்லி பால். ஆவின் பச்சை பாக்கெட்டில் நாலரை சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் ஆறு, நீலத்தில் மூன்று. சோதனைக்கு உங்கள் வீட்டில் தினமும் வாங்கும் பாலையே ஊற்றுங்கள். பால் மாறினால் காபியும் மாறும். ஆரஞ்சுப் பாலில் மென்மையான கேப்ஸ்யூல் காணாமல் போய்விடும். நீலப் பாலில் அதே கேப்ஸ்யூல் நன்றாக நிற்கும். சர்க்கரை கடைசியில்.

எது எந்த பிராண்ட் என்று சொல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துக் கேளுங்கள். விலை தெரிந்தால் நாக்கும் அதன் பக்கம் சாயும்.

ருசியோடு பொருத்தத்தையும் கவனியுங்கள். காபி ஒரே சீரான இழையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்து மோட்டார் திணறினாலும், தண்ணீர் போல வேகமாகக் கொட்டினாலும் அந்த கேப்ஸ்யூல் உங்கள் மெஷினுக்குச் சரியில்லை. உபயோகித்த கேப்ஸ்யூல் விழும் தட்டில் காபித் தண்ணீர் நிறைய தேங்கினால் விளிம்பு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பெட்டியில் நசுங்கிய கேப்ஸ்யூல் இருந்தால் அதை உபயோகிக்க வேண்டாம். பால் எந்தக் காரணம் கொண்டும் தண்ணீர்த் தொட்டிக்குள் போகக்கூடாது.

படி 8: தண்ணீர்

இதைப் படிக்காமல் கேப்ஸ்யூலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. கோப்பையில் இருப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்தான். கடற்கரை ஓரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. அதை மெஷினில் ஊற்றவே கூடாது. ருசியும் போகும், உள்ளே சுண்ணாம்பு படிந்து சூடும் ஓட்டமும் குறையும். மெட்ரோ வாட்டர் இடத்துக்கு இடம் மாறும். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீர் ஆலை நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்டது; அந்தத் தண்ணீர் வடசென்னையின் பல பகுதிகளுக்கு வருகிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் (டிடிஎஸ்) காட்டும் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பேனா அளவுதான். காபிக்கு 75 முதல் 250 வரை நல்லது, 150 பக்கம் இருந்தால் உத்தமம் என்பது காபித் தொழிலில் பின்பற்றும் அளவு. கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் சில சமயம் 30, 40க்கு இறங்கிவிடும். அப்போது காபி வெறுமையாக இருக்கும். ஆர்ஓவில் டிடிஎஸ் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் சர்வீஸ்காரரிடம் சொல்லி 100க்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். சுண்ணாம்பு நீக்க மெஷின் நிறுவனத்தின் கரைசலையே, கையேட்டில் சொன்ன இடைவெளியில் ஓட்டுங்கள். வினிகர் வேண்டாம், ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாடையும் போகாது.

படி 9: வைக்கும் இடம், காலி கேப்ஸ்யூல்

அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜும் தேவையில்லை, வெளியே எடுக்கும்போது வியர்த்து ஈரம் பிடிக்கும். மூடிய டப்பா, நிழலான இடம், பழைய தேதி முன்னால்.

காலியானதைப் பற்றி நாம் கட்டாயம் கவலைப்பட வேண்டும். வடசென்னை வீட்டுக் குப்பை போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். அந்தக் குப்பை மேட்டின் புகையையும் நாற்றத்தையும் சுமப்பது நம் அக்கம்பக்கத்து ஜனங்கள். ஒரு காபிக்கு ஒரு உலோகக் கூடு என்று அங்கே சேர்ப்பது நியாயமில்லை.

கேப்ஸ்யூல் ஆறியதும் மூடியைக் கத்தியால் கீறி, உள்ளே இருக்கும் சக்கையைத் தட்டி எடுங்கள். சக்கையை மாடித் தோட்டத்து மண்ணிலோ உரத் தொட்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். கூட்டைக் கழுவி, காயவைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி ஒரு பையில் சேருங்கள். ஒன்றில் இருக்கும் அலுமினியம் ஒரு கிராம் அளவுதான். அரைக் கிலோ சேர ஐநூறு வேண்டும். வீட்டில் உள்ள மற்ற அலுமினியச் சாமானோடு சேர்த்துக் காயலான் கடையில் போடலாம். இவ்வளவு மெல்லியதை எடுத்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எடுக்காவிட்டால் உலர் குப்பையில் தனிப் பையாகக் கட்டி, தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் ‘அலுமினியம்’ என்று சொல்லிக் கொடுங்கள். நிறுவனமே காலி கேப்ஸ்யூலைத் திரும்ப வாங்கும் வசதி வைத்திருந்தால் அது நம் பின்கோடுக்கு உண்டா என்று ஆர்டர் போடும்போதே கேளுங்கள். பிளாஸ்டிக் கூட்டை எரிக்காதீர்கள். கழுவி, மற்ற பிளாஸ்டிக்கோடு உலர் குப்பையில் போடுங்கள்.